பத்தூர்ப் பெருமான் வென்ற வழக்கு

(தர்மபுரத்தில் கமக்காரர்களும் ஆசிரியர்களும் அரச அலுவலர்களும் கூடியிருந்த கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் வாசகம்.)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டுச் சிலர் வியப்படைந்திருத்தல் கூடும். நெல்லுக்கு விலையில்லை, வாய்க்காலில் தண்ணீர் இல்லை, காணி உறுதி கையில் இல்லை. இவற்றையெல்லாம் விட்டுவிட்டுப் பழைய வெண்கலச் சிலைகளைப்பற்றிப் பேசுவதற்கு ஒரு சட்டத்தரணி தர்மபுரத்துக்கு வரவேண்டுமா என்று எண்ணியிருப்பீர்கள். அந்த எண்ணத்தில் நியாயம் உண்டு. ஆயினும், காணி உறுதிக்கும் கோயிற் சிலைக்கும் அடிப்படையிலே உள்ள கேள்வி ஒன்றே. “இது யாருடையது? இதனை நீ எவ்வாறு நிரூபிப்பாய்?” என்பதே அக்கேள்வி. காணி வழக்கிலே இந்தக் கேள்வியை எதிர்கொண்டு திணறியவர்கள் இக்கூட்டத்தில் பலர் இருக்கிறீர்கள். இதே கேள்வியை இலண்டன் மாநகரத்து நீதிமன்றத்தில் எதிர்கொண்டு, இடிந்து கிடந்த ஒரு சிற்றூர்க் கோயில் வெற்றி பெற்றது. அந்த வழக்கின் கதையைச் சொல்லி, அதிலிருந்து வன்னி மக்களாகிய நாம் கற்றுக்கொள்ள வேண்டியது யாது என்பதை ஆராய்வதே என் நோக்கம்.

திருமேனி என்பது யாது?

முதலில் பொருளை அறிந்துகொள்வோம். நம் கோயில்களில் கருவறையில் நிலைபெற்றிருப்பது மூலமூர்த்தி. அது பெரும்பாலும் கல்லாலானது, இடம் பெயராதது. திருவிழாக் காலத்தில் வீதிக்கு வருவது எழுந்தருளி மூர்த்தி. அது உலோகத்தாலானது. செம்பே அதிற் பெரும்பகுதி; அதனோடு ஈயமும் பித்தளையும் சேரும்; வெள்ளியும் பொன்னும் சிறிதளவு இடுவர். ஆகையால் அதனைப் பஞ்சலோகம் என்கிறோம்.

அதனை ஆக்கும் முறையைக் கவனியுங்கள். குங்கிலியமும் எண்ணெயும் கலந்து பதப்படுத்திய மெழுகினால் ஸ்தபதி முதலில் உருவத்தைச் செய்வார். அதன்மேல் ஆற்று வண்டல் மண்ணை மெல்லியதாகப் பூசுவார். பின்னர் தடித்த மண்ணைப் பூசி உலர்த்துவார். சூடேற்றும்போது மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். அது விட்டுச்சென்ற வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை வார்ப்பார். ஆறியபின் மண் கருவை உடைத்து உருவத்தை வெளியே எடுப்பார். மெழுகும் போயிற்று, கருவும் உடைந்தது. ஆகவே, ஒரு கருவிலிருந்து ஒரு திருமேனியே பிறக்கும். ஒன்றைப்போல மற்றொன்று அச்சொட்டாக இராது. காவிரிக் கரையில் சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் இம்முறையையே கையாளுகின்றனர். சட்டத்தின் கண்கொண்டு நோக்குமிடத்து இது மிக முக்கியமான செய்தி. மனிதனுக்குக் கைரேகை எப்படியோ, திருமேனிக்கு அதன் வார்ப்பு அப்படி.

இனி அதிலுள்ள உருவங்கள். தாருகாவனத்து முனிவர்கள் இறைவன்மேற் சினங்கொண்டு வேள்வித் தீயினின்று புலியையும் மானையும் பாம்பையும் முயலகனையும் ஏவிய கதையைக் கந்தபுராணப் படிப்பிலே கேட்டிருப்பீர்கள். புலி ஆடையாயிற்று, பாம்பு அணியாயிற்று, மான் கையில் ஏறியது, முயலகன் திருவடியின் கீழ்க் கிடந்தான். இந்தப் புராணம் முழுவதையும் சோழ நாட்டு ஸ்தபதிகள் உலோகத்தில் எழுதி வைத்தார்கள். கூத்தப்பெருமானின் காலின்கீழ் முயலகனைக் காண்கிறோம். சடையிலே கங்கையும் பிறையும் பாம்பும் இருக்கின்றன. சுற்றியுள்ள திருவாசி மகர மீனின் வாயிலிருந்து எழுகின்றது. மானையும் மழுவையும் சோமாஸ்கந்த மூர்த்தியின் கைகளில் காண்கிறோம். திருவெண்காட்டில் 1951ஆம் ஆண்டளவில் மண்ணிலிருந்து வெளிப்பட்டு இன்று தஞ்சைக் கலைக்கூடத்தில் நிற்கும் இடபவாகன மூர்த்தி 1011ஆம் ஆண்டில் செய்விக்கப்பட்டது. அம்மூர்த்தியின் அருகில் நிற்கவேண்டிய இடபம் அங்கே இல்லை. ஆனால் இடபத்தின்மேற் சாய்ந்த திருக்கரம் அப்படியே இருக்கின்றது. இல்லாத எருதை இருக்கும் கை நமக்குக் காட்டுகிறது. பொருள் தொலைந்த பின்னரும் அதன் சாட்சி தொலையாமல் நிற்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் வேண்டுமா?

மண்ணுள் மறைந்த காரணம்

இத்தகைய மூர்த்திகள் வயல்களிலும் கிணறுகளிலும் அகப்படுவது ஏன்? படையெடுப்பு வரும் என்று செய்தி கிடைத்தவுடன் கோயிலைச் சேர்ந்தவர்கள் கல் மூர்த்தியை அசைக்க மாட்டாது, உலோக மூர்த்திகளை மட்டும் குழிதோண்டி மணலிட்டு அடக்கம் செய்தார்கள். திரும்பி வந்து எடுப்போம் என்ற நம்பிக்கையோடுதான் செய்தார்கள். பதினான்காம் நூற்றாண்டில் மாலிக் காபூரின் படைகள் தெற்கே வந்த காலத்தில் தமிழகத்தில் இவ்வாறு நடந்தது. 1622ஆம் ஆண்டளவில் போர்த்துக்கேயர் திருக்கோணேசுவரத்தை இடித்தபோது நம் நாட்டிலும் நடந்தது. புதைத்தவர்கள் பலர் திரும்பி வரவில்லை. மண் மட்டும் இரகசியத்தைக் காத்து நின்றது.

இதனை இந்த மண்ணிலிருந்து சொல்லும்போது விளக்கம் தேவையில்லை. ஒரு பெட்டியைப் புதைத்துவிட்டு ஓடுவது என்றால் என்ன என்பதை 2008ஆம் ஆண்டின் இறுதியிலும் 2009ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் வன்னி மக்கள் தம் வாழ்வில் அறிந்தார்கள்.

இலண்டனில் நடந்த வழக்கு

இனி வழக்குக்கு வருவோம். அந்நாளைய தஞ்சை மாவட்டத்தில் பத்தூர் என்பது ஒரு சிற்றூர். அங்கே சோழர் காலத்து விசுவநாத சுவாமி கோயில் ஒன்று வழிபாடு நின்றுபோய் இடிந்து கிடந்தது. 1976ஆம் ஆண்டில் அவ்விடத்தில் மண்தோண்டிய ஓர் ஏழைத் தொழிலாளி நடராசத் திருமேனி ஒன்றைக் கண்டெடுத்தார். சொற்பப் பணத்துக்கு அது கைமாறியது. அங்கிருந்து கைமாறிக் கைமாறிக் கடல் கடந்தது. 1982ஆம் ஆண்டில் இலண்டனில் ஒரு வணிகரிடமிருந்து கனடா நாட்டுக் கம்பெனி ஒன்று அதனை விலைக்கு வாங்கியது. பம்பர் அபிவிருத்திக் கூட்டுத்தாபனம் என்பது அதன் பெயர். அச்சிலை எங்கிருந்து வந்தது என்பதற்கு விற்றவர் காட்டிய வரலாறு பொய்யானது. திருமேனி பழுதுபார்க்கும் பொருட்டு இருந்த இடத்தில் இலண்டன் பொலிசார் அதனைக் கைப்பற்றினர்.

கம்பெனி வழக்குத் தொடுத்தது. நல்லெண்ணத்தோடு பணங்கொடுத்து வாங்கிய பொருளைப் பொலிசார் திருப்பித் தரவேண்டும் என்பது அதன் கோரிக்கை. அதற்கெதிராக உரிமை கோரியவர்கள் யார் யார்? இந்திய அரசு, தமிழ்நாட்டு அரசு, கோயிலின் சார்பில் நின்ற தக்கார், இவர்களோடு பத்தூர்க் கோயிலும், அதன் சிவலிங்கமும்! ஆம், ஒரு கோயில் தன் பெயரால் வழக்காடியது. சிவலிங்கம் தன் பெயரால் வழக்காடியது.

இதைக் கேட்டு இலண்டனில் நகைத்தவர்கள் இருந்திருக்கலாம். ஆனால் இந்தியச் சட்டத்தில் இது புதிய கொள்கையன்று. இந்து விக்கிரகம் சட்டத்தின் முன் ஓர் ஆள். அதற்குச் சொத்து இருக்கலாம். அது வழக்காடலாம் என்று 1925ஆம் ஆண்டிலேயே, கல்கத்தாக் குடும்பமொன்றின் வழக்கில், பிரித்தானியக் கோமறைக் கழகம் தீர்ப்பளித்திருந்தது. இது நகைப்புக்குரியதுமன்று. எதிரே நின்ற வழக்காளி யார்? ஒரு கம்பெனி. கம்பெனிக்குக் கை உண்டா, கால் உண்டா? அதனைக் கண்டவர் உண்டா? இருந்தும் அதனை ஓர் ஆளென்று சட்டம் ஏற்றுக்கொள்கிறது. இங்கே உங்கள் கூட்டுறவுச் சங்கமும் அவ்வாறே தன் பெயரில் காணி வைத்திருக்கிறது, கடன் வாங்குகிறது, வழக்கும் பேசுகிறது. காகிதத்திற் பிறந்த கம்பெனி ஆளாகலாமென்றால், பல நூற்றாண்டுகளாக ஓர் ஊரின் பக்தியிலே வாழும் கோயில் ஆளாகலாகாதா?

1988ஆம் ஆண்டில் விசாரணை நீதிபதி கோயிலுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் காணி கொடுத்துக் கோயில் எடுத்த அந்தப் புண்ணியவாளனின் அறநோக்கம், கட்டடம் இடிந்த பின்பும் இறந்துவிடவில்லை என்பது அத்தீர்ப்பின் சாரம். 1991ஆம் ஆண்டு பெப்ரவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. ஆங்கிலச் சட்டம் இத்தகைய ஆளை அறியாதாயினும், அந்த ஆளைப் பெற்றெடுத்த நாட்டின் சட்டம் அறியுமாயின், நாடுகள் ஒன்றையொன்று மதிக்கும் மரபு கருதி ஆங்கில நீதிமன்றமும் அதற்குக் கதவு திறக்கவேண்டும் என்று நீதியரசர்கள் கூறினர். அந்த ஆண்டிலேயே பத்தூர்ப் பெருமான் தமிழகம் திரும்பினார்.

மண் சொன்ன சாட்சி

அன்பர்களே, உரிமை இருந்தால் மட்டும் வழக்கு வெல்லாது, அத்தாட்சி வேண்டும். இலண்டனில் இருக்கும் திருமேனிதான் பத்தூரில் எடுத்த திருமேனி என்பதை எப்படி நிரூபித்தார்கள்? கோயிலில் அதன் புகைப்படம் இல்லை. பதிவேடு இல்லை. எழுநூறு ஆண்டுக்காலம் அதனைக் கண்டவர் இல்லை.

பெருமான் வெளிப்பட்ட பின்னர் அதே இடத்தில் மேலும் சில திருமேனிகள் மண்ணிலிருந்து எடுக்கப்பட்டிருந்தன. தமிழகத் தொல்லியல் அறிஞர் நாகசாமி முதலானோர் சாட்சி சொன்னார்கள். வார்ப்பு அமைதியை ஒப்பிட்டார்கள். உலோகத்தை ஆராய்ந்தார்கள். மேனியில் ஒட்டியிருந்த மண்ணைப் பத்தூர் மண்ணோடு ஒப்பிட்டார்கள். கறையான் மண்பூசிச் சென்ற தடங்கள்கூட ஆராயப்பட்டன. பல ஆயிரம் மைலுக்கு அப்பால், ஒரு சிற்றூரின் மண்ணும் கறையானும் சாட்சிக் கூண்டில் ஏறின என்றே சொல்லலாம்.

கமக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உழும்போதோ, கிணறு வெட்டும்போதோ, பெக்கோ இயந்திரத்தால் வாய்க்கால் துப்புரவு செய்யும்போதோ பழம்பொருள் எதுவும் அகப்பட்டால், அதனைக் கழுவாதீர்கள், புளியிட்டுத் துலக்காதீர்கள், எடுத்த இடத்தை மூடிவிடாதீர்கள். அந்த அழுக்குத்தான் அதன் பிறப்புச் சான்றிதழ். அதனைத் துடைத்துவிட்டால் பொருள் பளபளக்கும், வழக்கு இருண்டுவிடும்.

போலியும் புகைப்படமும்

வெற்றி பெற்ற வழக்கை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நான் உங்களை ஏமாற்றியவனாவேன். ஆகவே வேறு இரண்டு வரலாறுகளையும் சுருக்கமாகச் சொல்கிறேன்.

தஞ்சை மாவட்டத்துச் சிவபுரத்தில் 1951ஆம் ஆண்டில் உழவர் ஒருவரின் நிலத்திலிருந்து நடராசர் உட்பட ஆறு திருமேனிகள் வெளிப்பட்டன. சட்டப்படி அறிவிக்கப்பட்டு, ஊர்க் கோயிலிலே வைக்கப்பட்டன. எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. 1954ஆம் ஆண்டில் பழுதுபார்க்கவென்று நடராசரைக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தது நடராசரன்று, நடராசரின் பிரதி. உண்மை மூர்த்தி வெளியே விற்கப்பட்டது. ஊரார் பிரதியை வணங்கிக்கொண்டிருந்தார்கள். கோயிலில் இருப்பது போலி என்பதைப் பிரித்தானிய அருங்காட்சியகத்து அறிஞர் ஒருவர் 1965இல் வெளியிட்ட நூலிலே எழுதிய பின்னரே உலகம் விழித்துக்கொண்டது. அதற்குள் மூர்த்தி அமெரிக்கா சேர்ந்து, 1973ஆம் ஆண்டளவில் நோர்ட்டன் சைமன் என்னும் செல்வந்தரின் நிறுவனத்தால் 9 இலட்சம் டொலருக்கு வாங்கப்பட்டது. இந்திய அரசு வழக்குத் தொடுத்து, 1976இல் இணக்கத்துக்கு வந்து, பத்து ஆண்டுகள் அங்கே காட்சிக்கு வைத்திருந்தபின் 1986இல் திரும்பப் பெற்றது. இது கற்பிக்கும் பாடம் கசப்பானது. கள்வன் எப்போதும் மதிலேறிக் குதித்து வருபவனல்லன். நாமே கதவைத் திறந்து கொடுத்தனுப்பவும் கூடும்.

மற்றையது நம் காலத்தது. அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடப்பட்ட நடராசரை அவுஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008ஆம் ஆண்டில் ஏறத்தாழ 50 இலட்சம் டொலருக்கு வாங்கியது. அதற்கும் பொய்யான வரலாறு ஒன்று புனைந்து கொடுக்கப்பட்டிருந்தது. ஆனால் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1956ஆம் ஆண்டு முதல் தமிழகக் கோயில்களிலுள்ள மூர்த்திகளைப் புகைப்படமெடுத்து வைத்திருந்தது. 1994ஆம் ஆண்டில் ஸ்ரீபுரந்தானில் எடுத்த படமும் அந்தத் தொகுதியில் இருந்தது. படத்தையும் கலைக்கூடத்திலிருந்த திருமேனியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது பொய் நிற்க முடியவில்லை. 2014ஆம் ஆண்டு செப்டெம்பரில் அவுஸ்திரேலியப் பிரதமரே அதனை இந்தியாவிடம் ஒப்படைத்தார். அதனை விற்ற வணிகர் சுபாஷ் கபூருக்கு, உடையார்பாளையம் கோயில் திருட்டு வழக்கிலே, 2022ஆம் ஆண்டு நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

பத்தூருக்கு ஒன்பது ஆண்டு வழக்கும் கறையான் சாட்சியும் தேவைப்பட்டன. ஸ்ரீபுரந்தானுக்கு ஒரு புகைப்படம் பெருந்துணையாயிற்று. இதுவே இன்றைய பேச்சின் மையம்.

நம் நாட்டின் நிலை

நம் நாட்டின் பழஞ் சைவத் திருமேனிகளுட் சிறந்தவை பொலன்னறுவையில் வெளிப்பட்டன. தொல்பொருள் ஆணையாளர் பெல் அவர்கள் காலத்தில், 1907, 1908ஆம் ஆண்டுகளில், அங்குள்ள சிவாலயங்களின் இடிபாடுகளினிடையே நடராசரும் சமய குரவர்களும் கிடைத்தனர். 1960ஆம் ஆண்டில் மேலும் சில கிடைத்தன. ஆனந்த குமாரசாமி 1914ஆம் ஆண்டில் வெளிவந்த நூலில் இவற்றை ஆராய்ந்தார். பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள் இவற்றின் சைவப் பொருளை விளக்கி எழுதினார். கொழும்பு அருங்காட்சியகத்திலுள்ள சுந்தரமூர்த்தி சுவாமிகளைப் பார்த்தவர்கள் அந்த முகத்தை மறக்கமாட்டார்கள்.

வேறொன்று நாட்டைவிட்டே போயிற்று. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கரையோரத்தில் கிடைத்த, பொன்முலாம் பூசிய தாரா தேவியின் வெண்கலச் சிலையை, ஆள்பதியாக இருந்த பிறவுன்றிக் 1830ஆம் ஆண்டில் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். அது பௌத்த தேவியின் திருவுருவம். நம்முடையது போனால் அழுவது, பிறருடையது போனால் பேசாதிருப்பது என்பது நீதியாகாது. ஆகவே அதனையும் இங்கே சேர்த்தே சொல்கிறேன்.

மூன்றாவது, கோணேசர் கோயிலின் கதை. 1950ஆம் ஆண்டில் திருகோணமலையில் நகரசபைத் தொழிலாளர்கள் கிணறு தோண்டுகையில் சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், அம்பாள், பிள்ளையார் முதலிய செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. போர்த்துக்கேயருக்கு அஞ்சி மறைத்து வைத்தவை அவை என்று கருதப்படுகிறது. முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக மண்ணுள் இருந்த அம்மூர்த்திகள் அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்குப் போகவில்லை. ஊர்வலமாக எடுத்துச் செல்லப்பட்டு மீண்டும் வழிபாட்டுக்கு வந்தன. அக்கோயில் மீளக் கட்டப்பட்டு 1963ஆம் ஆண்டில் குடமுழுக்குக் கண்டது.

இந்த மூன்றையும் ஒப்புநோக்குங்கள். ஒன்று அரும்பொருளாயிற்று, ஒன்று அயல்நாட்டுப் பொருளாயிற்று, ஒன்று தெய்வமாகவே நிலைத்தது. கோணேசர் திருமேனிகள் வெளிப்பட்டபோது அவற்றை வரவேற்க ஒரு மக்கட் கூட்டம் விழிப்போடு இருந்தது. வேறுபாடு அதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் இன்றும் திருத்தங்களோடு நடைமுறையில் இருக்கின்றது. 1815ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாளுக்கு முற்பட்ட பொருள்களைத் தொல்பொருள் என்று அது வரையறுக்கிறது. கண்டிய உடன்படிக்கை கைச்சாத்தான நாள் அது. இதுவரை வெளிப்படாது நிலத்தினுள் இருக்கும் தொல்பொருள்கள் அரசின் சொத்தாகக் கொள்ளப்படும். கண்டெடுத்தவர் உடனே அறிவித்தல் வேண்டும், மறைத்தல் குற்றம். 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கக் கலாசாரச் சொத்துக்கள் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரமின்றி இத்தகைய பொருளை நாட்டைவிட்டு அனுப்ப முடியாது.

“அப்படியாயின், என் வயலில் கிடைக்கும் பிள்ளையார் அரசாங்கத்தின் பிள்ளையாரா?” என்று ஒரு கமக்காரர் கேட்டால், சட்டத்தின் எழுத்து அப்படித்தான் சொல்கிறது என்பதே நேர்மையான விடை. ஆனால் கோணேசர் திருமேனிகள் வெளிப்பட்டபோதும் இதே சட்டம் இருந்தது. உடைமை அரசுக்கு என்பதனால் வழிபாடு முடிந்துவிடவேண்டும் என்பதில்லை. கோயிலுக்குரியது என்று நிரூபிக்கக்கூடிய மூர்த்தியைக் கோயிலிடம் ஒப்படைக்குமாறு கேட்பதற்கு முன்மாதிரி உண்டு. கேட்பதற்கு ஒழுங்கான தர்மகர்த்தா சபை வேண்டும். காட்டுவதற்கு அத்தாட்சி வேண்டும். பேசுவதற்கு மக்கள் வேண்டும்.

“பொருள் அருங்காட்சியகத்திலே பாதுகாப்பாக இருக்கட்டுமே” என்று சொல்வோரும் உளர். அவர்களை நான் இகழமாட்டேன். தமிழகத்தில் மீட்கப்பட்ட திருமேனிகள் பல, ஊர்க் கோயிலில் காவல் இல்லாத காரணத்தால், பாதுகாப்பு மையங்களிலே பூட்டுக்குள் இருக்கின்றன. கள்வனிடமிருந்து மீண்டும் வீதிக்கு வரமுடியவில்லை. காக்கும் வலிமை இல்லாத உரிமை அரை உரிமை. ஆனால் அந்த வலிமையை நாம் தேடிக்கொள்ள வேண்டும் என்பதே அதற்கு மறுமொழி. உரிமையை விட்டுக்கொடுப்பது மறுமொழியாகாது.

கோயிற் காணிக்கும் பொருளுக்கும் நம் சட்டம் வேறொரு வழியும் திறந்து வைத்திருக்கிறது. 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 107ஆம் பிரிவை நினைவில் வைத்திருங்கள். தர்ம நம்பிக்கைப் பொறுப்பை நிறுவிய உறுதி கையில் இல்லாதபோதிலும், சூழ்நிலைகள் அனைத்தையும் நோக்கி அத்தகைய பொறுப்பு உண்மையில் உண்டென்று நீதிமன்றம் கருதுமாயின், அதன்படி செயற்படலாம். உறுதி எரிந்துபோனவர்கள் வாழும் நாட்டில் இது சிறிய உதவியன்று. ஆனால் “சூழ்நிலைகள்” என்றால் வெறுங்கதையல்ல. திருவிழா நோட்டீசு, உபயகாரர் பட்டியல், பற்றுச்சீட்டு, பழைய படம், முதியவர் சாட்சி ஆகியவையே சூழ்நிலைகள்.

வன்னியில் நாம் செய்யவேண்டியவை

வவுனியா வடக்கிலே வெடுக்குநாறி மலை ஆதிலிங்கேசுவரர் ஆலயத்தின் விக்கிரகங்கள் 2023ஆம் ஆண்டு மார்ச்சில் பெயர்த்தெறியப்பட்டுக் கிடந்ததை நாடறியும். அந்த வழக்கின் உள்விவகாரங்களுக்குள் நான் புகவில்லை. ஒன்று மட்டும் சொல்வேன். அத்தகைய நிலை எந்த ஆலயத்துக்கு நேர்ந்தாலும், முதற் கேள்வி “இங்கே முன்னர் என்ன இருந்தது?” என்பதாகவே இருக்கும். அந்தக் கேள்விக்கு விடை அன்றைக்குத் தேடுவதன்று. இன்றைக்கே எழுதி வைக்கவேண்டியது.

ஆகவே ஐந்து காரியங்களை இக்கூட்டத்தின் முன் வைக்கிறேன்.

முதலாவது, ஒவ்வோர் ஆலயத்திலும் மூர்த்திகளின் பதிவேடு ஒன்று எழுதப்படல் வேண்டும். பெயர், உயரம், நிறை, கைகளின் எண்ணிக்கை, ஏந்திய பொருள்கள், வாகனம், பீடத்தின் அமைப்பு, உபயகாரர், ஆண்டு ஆகியவற்றைக் குறியுங்கள். சிறு குறைபாடுகளையும் எழுதுங்கள். இடதுகைச் சிறுவிரல் ஒடிந்திருந்தால் அதுவே நாளைக்கு அடையாளம்.

இரண்டாவது, புகைப்படம். அபிடேகத்துக்குப் பின், சாத்துப்படிக்கு முன், முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் பீடத்தின் அடியிலும் படமெடுக்க வேண்டும். பட்டும் மாலையும் சாத்திய படம் பக்திக்கு உதவும், வழக்குக்கு உதவாது. ஆகமம் இடந்தருமா என்று குருக்கள் ஐயாவைக் கேட்டு, அவர் சொல்லும் முறைப்படி செய்யுங்கள். ஒரு பிரதி ஆலயத்தில், ஒரு பிரதி வெளியூரில், ஒரு பிரதி சட்டத்தரணியிடம் இருக்கட்டும். எல்லாப் பிரதிகளையும் ஒரே அலுமாரியில் வைப்பது பிரதி எடுக்காமைக்குச் சமம்.

மூன்றாவது, போர்க்காலத்தில் மூர்த்திகளைச் சுமந்து சென்றவர்களும் புதைத்தவர்களும் உங்களுள் இருத்தல் கூடும். அவர்களுக்கு வயதாகிறது. எங்கே, எப்போது, யார் முன்னிலையில் என்பதைச் சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக்கடதாசியாக எழுதி வையுங்கள். மனிதன் இறந்தால் சாட்சியும் இறக்கும், காகிதம் இறவாது.

நான்காவது, பழுதுபார்க்க அனுப்பும்போது சபைத் தீர்மானம், எடை, படம், பற்றுச்சீட்டு ஆகிய நான்கும் இன்றி மூர்த்தியை வாயிலுக்கு வெளியே விடாதீர்கள். திரும்பி வரும்போது அதே எடையைப் பாருங்கள். சிவபுரத்தார் இதனைச் செய்திருந்தால் முப்பத்திரண்டு ஆண்டுகள் பிரிந்திருக்க நேர்ந்திராது.

ஐந்தாவது, நிலத்தில் எதுவும் அகப்பட்டால் மறைக்காதீர்கள், விற்காதீர்கள். கிராம அலுவலருக்கும் பொலிசுக்கும் எழுத்தில் அறிவித்து, அறிவித்ததற்கு அத்தாட்சி பெறுங்கள். அதே நாளில் ஆலய சபைக்கும் ஊர்ச் சங்கத்துக்கும் ஒரு சட்டத்தரணிக்கும் அறிவியுங்கள். எடுத்த இடத்தை நில அளவையாளரைக்கொண்டு குறித்து வையுங்கள். சட்டத்தை மீறினால் நாம் குற்றவாளி. சட்டத்தின்படி நடந்து அத்தாட்சியையும் கையில் வைத்திருந்தால் நாம் உரிமையாளர்.

படித்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இவற்றுள் எதனையும் ஒரு கமக்காரர் தனித்துச் செய்ய இயலாது. ஆசிரியர் எழுதலாம். நில அளவையாளர் அளக்கலாம். படமெடுக்கத் தெரிந்த இளைஞர் கையில் இன்று கருவி இருக்கிறது. சட்டத்தரணிகள் கூலி கேளாது சத்தியக்கடதாசி வரைந்து கொடுக்கலாம். விடுமுறை நாளொன்றை ஓர் ஆலயத்துக்குக் கொடுத்தால், ஓராண்டுக்குள் இந்தப் பகுதியின் ஆலயங்கள் அனைத்துக்கும் பதிவேடு ஆகிவிடும். அரசிடமிருந்து இதற்குப் பணம் வரவேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. ஒரு கொப்பியும் ஓர் எழுதுகோலும் போதும்.

பத்தூரிலே கோயில் இடிந்து கிடந்தது. பூசை இல்லை; மணியோசை இல்லை; தர்மகர்த்தா சபை இல்லை. கண்டெடுத்தவர் ஏழை, வாங்கியவர் செல்வர். அவ்வளவு இருந்தும் கோயில் வென்றது. ஏனெனில் அதற்கு உரிமை இருந்தது. அந்த உரிமையை நிரூபிக்க உழைத்தவர்கள் இருந்தார்கள். நமக்கும் உரிமை உண்டு. உழைப்பவர்கள் யார் என்பதை இக்கூட்டம் முடிவு செய்யட்டும். பதிவேடு எழுத முன்வருவோர் தம் பெயரையும் ஆலயத்தின் பெயரையும் செயலாளரிடம் இன்றே கொடுத்துச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.